திரும்பிப் போகாத பெட்டி

வியட்நாம் போருக்கு அமெரிக்க ராணுவம் சாமான்களை அனுப்பியது ‘கோனெக்ஸ்’ என்ற இரும்புப் பெட்டிகளில். எட்டரை அடி நீளம், ஆறேகால் அடி அகலம், ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம். சரக்கை இறக்கியதும் பெட்டி ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலானவை திரும்பவில்லை. சிப்பாய்கள் அவற்றைக் கிடங்காக்கினார்கள், மருந்தகமாக்கினார்கள், சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கிப் பதுங்கிக்கொண்டார்கள், உள்ளேயே படுத்துத் தூங்கினார்கள். கன்டெய்னர் வீட்டின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒரு கட்டடக் கலைஞரிடம் தொடங்குவார்கள். எனக்கு இந்தச் சிப்பாய்களிடம் தொடங்குவதுதான் நியாயமாகப் படுகிறது. காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்புவதைவிட விட்டுவிட்டுப் போவது மலிவு என்றான இடங்களில்தான் மனிதர் அதற்குள் குடியேறினார்.

இன்று நாம் லாரிகளில் பார்க்கும் பெரிய கன்டெய்னர் வேறு வழியில் வந்தது. லாரி முதலாளி மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அவருடைய பொறியாளர் கீத் டான்ட்லிங்கர், பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டும் மூலைக் கட்டைகளை உருவாக்கினார். பெட்டியின் பலம் முழுவதும் அந்த மூலைகளில்தான். கதவில் அடித்திருக்கும் தகட்டைப் பார்த்தால், மேலே 1,92,000 கிலோ வரை அடுக்கலாம் என்று பல பெட்டிகளில் பொறித்திருக்கும். அதே பெட்டியின் கூரைத் தகட்டுக்கு வைக்கும் சோதனையோ வெறும் 300 கிலோ. நான்கு கால்களும் யானையைத் தாங்கும், நடுவில் நாலைந்து பேர் ஏறி நின்றால் யோசிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கட்டிய வீடுகள் ஏராளம்.

கன்டெய்னரை வீடாக்கும் முறைக்கு அமெரிக்கரான பிலிப் கிளார்க் 1987 நவம்பரில் பேடன்ட் கேட்டார். 1989 ஆகஸ்ட்டில் கிடைத்தது. பிறகு 2001-இல் லண்டனில் தேம்ஸ் கரையில் ‘கன்டெய்னர் சிட்டி’ எழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்கு ஆயிரம் பெட்டி அறைகள் வந்தன. எல்லாம் குளிரும் மழையும் உள்ள ஊர்கள். அங்கே பெட்டியைச் சூடாக வைத்துக்கொள்வதுதான் வேலை.

பாலைவனத்தில் கணக்கு தலைகீழ். நாற்பதடிப் பெட்டியின் கூரை ஏறக்குறைய 30 சதுர மீட்டர். கோடை உச்சி வெயில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஆக, கூரையில் மட்டும் 30 கிலோவாட். கப்பலுக்கென்று அடித்த கருஞ்சிவப்பு, அடர்நீலப் பெயின்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். தகட்டின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உள்ளே அனல் வந்துவிடும்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி எழுதிவைத்த ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. 1964 மார்ச்சில் கெய்ரோவில் மாதிரி அறைகள் கட்டி உள்வெப்பத்தை அளந்தார்கள். அரை மீட்டர் கனமுள்ள பச்சை மண்கல் சுவர் கொண்ட அறையில் நாள் முழுக்க வெப்பம் 21-க்கும் 23-க்கும் இடையிலேயே நின்றது. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகையில் கட்டிய அறை 36 டிகிரியைத் தொட்டது. வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம். கான்கிரீட்டே வெளியிலிருப்பதைவிட உள்ளே கொதிக்க வைக்குமென்றால் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் வேறொரு தொல்லை. மேகமில்லாத வானத்தின் கீழ் தகடு சட்டென்று குளிர்ந்துவிடும். உறங்குகிறவர்களின் மூச்சிலுள்ள ஈரம் கூரையில் பட்டுத் துளிர்க்கும். சரக்கு நனைவதைக் கண்ட கப்பல்காரர்கள் இதற்கு ‘கன்டெய்னர் மழை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வானம் பொய்த்த ஊரில் வீட்டுக்குள் சொட்டும்.

பாலையில் இதைப் பெரிய அளவில் அனுபவித்தவர்களும் சிப்பாய்களே. 2003-க்குப் பிறகு இராக்கில் அமெரிக்க முகாம்களில் கன்டெய்னர் அளவிலான அறைகள் வரிசையாக முளைத்தன: ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஓயாமல் ஓடும் ஒரு ஏ.சி. ஏ.சி.க்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசல் லாரிக்குத் துப்பாக்கிக் காவல். இராக்கில் தளவாடங்களைக் கவனித்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் ஸ்டீவன் ஆண்டர்சன், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குளிர்சாதனத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் போகிறது என்று 2011-இல் சொன்னார். பென்டகன் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தொகை எதுவானாலும் அவர் காட்டிய வழி எளிமையானது: கூடாரங்களின் வெளிப்புறத்தில் பாலியூரித்தேன் நுரையைத் தெளித்து வெப்பத்தைத் தடுப்பது. பசுமை பேசுகிற யாரும் கேட்டு வந்ததல்ல அது. டீசல் லாரிகள் வழியில் தாக்கப்பட்டதால் வந்தது.

‘வெளிப்புறத்தில்’ என்பதுதான் பாலைவனப் பெட்டி வீட்டின் ரகசியம். பெட்டிக்குள் அகலம் 2.35 மீட்டர். உள்சுவரில் பஞ்சும் பலகையும் பதித்தால் இடம் சுருங்கும், தகடும் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் போர்வையை வெளியே போடுகிறார்கள். கூரைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, தனிக் கால்களில் இரண்டாம் கூரை ஒன்றை நிறுத்துகிறார்கள். நடுவே காற்று ஓடும். சோலார் பலகைகளையே அந்தக் கூரையாக்கினால் ஒரே செலவில் நிழலும் மின்சாரமும். பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் நான்கு மூலைகளிலும் தூண் கொடுத்துத் தூக்குகிறார்கள். காற்றில் புரளாமலிருக்க அதையும் இறுகக் கட்ட வேண்டும். மணலில் புதைத்தால் குளிருமே என்று இறங்கியவர்களுக்குப் பக்கச் சுவர் உள்ளே வளைந்துகொண்டு வந்தது, ஏனென்றால் பலம் மூலையில் இருக்கிறது, மண் தள்ளுவது சுவரை.

இவ்வளவும் செய்து முடித்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கன்டெய்னர் தெரியாது. இதழ்களில் வரும் படங்களில் மொட்டைத் தகடு மொஹாவே பாலைவன வெயிலில் அழகாக மின்னும். அதில் யாராவது ஆகஸ்ட் மாதம் குடியிருந்தார்களா என்று கேட்கத் தோன்றும். பாலையின் மிகப் புகழ்பெற்ற கன்டெய்னர் கட்டடமான தோஹாவின் ‘ஸ்டேடியம் 974’-க்கு ஏ.சி. கிடையாது. 2022 உலகக் கோப்பை நவம்பர், டிசம்பரில் நடந்தும் அங்கே மாலையிலும் இரவிலும் மட்டுமே ஆட்டம் வைத்தார்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. காலியான நாற்பதடிப் பெட்டி சுமார் 3,700 கிலோ. ஓரடுக்கு வீட்டுக்கு இவ்வளவு இரும்பு தேவையில்லை. பழைய பெட்டியின் பிளைவுட் தரையில் பூச்சிமருந்து ஏறியிருக்கும் என்று பயந்து, ஒரே பயணம் வந்த புதுப்பெட்டியைத் தேடி வாங்குகிறார்கள். மறுபயன்பாடு என்ற பேச்சு அத்தோடு போயிற்று.

வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களுக்குப் பெட்டியறை புதிதல்ல. கட்டுமான இடங்களில் போர்ட்டாகேபின் இல்லாமல் நாள் நகராது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் ஒதுங்கும் கேபினின் மேல் இரண்டாம் கூரை போட, நாலு கம்பியும் ஒரு ஷீட்டும் போதும்.