ஆறு பாய்ந்த ஊரும் ஆலை வந்த ஊரும்

மண் செழித்தால் கூலியும் செழிக்கும் என்று நம்புவோர் தஞ்சையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். கல்லணை காலத்திலிருந்து பாசனம் கண்ட காவிரி டெல்டா பூமி அது. 1934-இல் மேட்டூர் அணையும் அதற்குத் துணை வந்தது. அப்படிப்பட்ட நெற்களஞ்சியத்தில்தான் பண்ணையாட்களைக் காப்பாற்ற 1952-இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அங்கேதான் கூடுதல் நெல் கேட்ட கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறுபக்கம், மழை மறைவில் கிடந்த கொங்கு நாட்டில் மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. ஆனாலும் பிழைப்புத் தேடி டெல்டாவிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் ஆட்கள் போகிறார்களே தவிர, கொங்கிலிருந்து யாரும் நடவுக்கு டெல்டாவுக்கு வருவதில்லை.

கொங்குக்குச் சந்தையோடு தொடர்பு இருந்தது, தஞ்சைக்கு இல்லை என்று காரணம் சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து போத்தனூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேப்பூர் வரை ரயில் ஓடிய அதே 1862-க்குள் நாகப்பட்டினம் – திருச்சிப் பாதையும் போடப்பட்டுவிட்டது. தஞ்சைக்குத் துறைமுகமும் சொந்தமாகவே இருந்தது. ஆகவே சந்தை எட்டியது. ஆனால் எட்டியது நெல்லுக்கு. விளைச்சல் வெளியே போனது, விலை நிலம் வைத்திருந்தவரிடம் தங்கியது. உழைப்பவருக்கு அந்தப் பாதை திறந்த முக்கிய வெளிச்சந்தை கடல் கடந்த மலேயா. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தபோது அந்த வாசலும் அடைபட்டது.

கொங்கில் நடந்தது வேறு. கரிசலில் பருத்தி விளைந்தது. 1888-இல் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் மோட்டார், பம்புசெட் தொழிலும் கூடவே வளர்ந்தன. ஒரே ஆளின் உழைப்பைக் கேட்டு இரண்டு மூன்று முதலாளிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். டெல்டாவிலோ ஊருக்கு ஊர் நெல்தான். நடவும் அறுப்பும் எங்கும் ஒரே பருவம், எங்கும் ஒரே கூலி. இந்த மிராசுதாரை விட்டுப் போனால் அடுத்த ஊரிலும் அதே நிலைமைதான். கூலியை உயர்த்தும் சந்தை என்பது, உழைப்பவர் நடந்து போய்ச் சேரும் தொலைவில் இருக்கும் இன்னொரு வேலைதான்.

இதற்குச் சாதிதானே காரணம், பூகோளம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலம் சிலர் கையில் குவிந்ததும், உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளாக இருந்து சேரியில் ஒதுக்கப்பட்டதும் கூலியை அமுக்கிய முதல் சக்திகள். ஆனால் கொங்கின் பண்ணைகளிலும் சாதிக் கொடுமைக்குக் குறைவில்லை. டெல்டாவின் ஒற்றைப் பயிர்ப் பொருளாதாரத்தில் அந்தக் கொடுமையிலிருந்து விலகிப் போக வழியில்லாமல் போனது, அதுதான் வேறுபாடு. சாதி கட்டிய வேலிக்குப் பூகோளம் காவல் நின்றது. ஆலை வந்தாலே போதும் என்பதும் உண்மையல்ல. கோவைத் தொழிலாளிகள் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டக் காலத்தின் வழக்கில் சின்னியம்பாளையம் தொழிலாளிகள் நால்வர் 1946-இல் தூக்கிலிடப்பட்டார்கள். இன்னொரு வேலை பக்கத்தில் இருப்பது பேரம் பேசும் பலத்தைத் தரும். பேசி வாங்குவதற்குச் சங்கமும் சட்டமும் வேண்டும். கீழ்வெண்மணிக்குப் பிறகு 1969-இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது அதனால்தான்.

எனவே பின்தங்கிய மாவட்டத்துக்குச் சாலை போட்டோம், பாலம் கட்டினோம் என்று கணக்குக் காட்டினால் போதாது. அந்தச் சாலை விளைபொருளை மட்டும் வெளியே கொண்டுபோகிறதா, உள்ளூரிலேயே இரண்டாவது வேலையைக் கொண்டுவருகிறதா என்று கேட்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்தால், நூறாண்டு ரயில் ஓடியும் தஞ்சைக் கூலிக்காரருக்கு வந்து சேராத செழிப்பு புதிய சாலையிலும் வந்து சேராது.