தேனீ வளர்த்தால் எல்லாத் தேனீயும் பிழைக்குமா? மொஹாவி பாப்பி தேனீயின் கதை

ஆபீஸில் தலைக்கு மேலே இருக்கும் ஃபால்ஸ் சீலிங்கைப் பாருங்கள். அது ஜிப்சம் போர்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், இதே ஜிப்சம் கலந்த மண்ணை நம்பி ஒரு குட்டித் தேனீ வாழ்கிறது. பெயர் மொஹாவி பாப்பி தேனீ (பெர்டிடா மெகோனிஸ்).

நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு அரிசி அளவு. இதற்கு ராணியும் கிடையாது, தேன்கூடும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகத் தரையில் வளை தோண்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து அதன்மேல் முட்டையிடும். தோண்டுவதால் 'மைனிங் பீ' வகை என்கிறார்கள். இதற்கு ஆபத்தாக இருப்பதும் ஒரு மைனிங்தான்.

காரணம், சாப்பாட்டு விஷயத்தில் இது ரொம்பக் கறார். ஆர்க்டோமெகன், ஆர்ஜிமோன் என்ற இரண்டு வகைப் பாப்பிப் பூக்களின் மகரந்தம்தான் வேண்டும். (நம்ம ஊர் ரோட்டோரப் பிரம்மதண்டு ஆர்ஜிமோன் இனம்தான், ஆனால் இந்தத் தேனீ இங்கே கிடையாது.) ஆர்க்டோமெகன் பாப்பிகள் ஜிப்சம் மண்ணில் வளர்பவை. நெவாடாவில் அந்த மண்ணைச் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். மிச்சத்தில் லாஸ் வேகஸ் நகரம் விரிகிறது, ஜாலி ரைடு வண்டிகளும் ஓடுகின்றன.

சரி, தேனீப் பெட்டிகள் வைத்தால் தீர்ந்துவிடாதா? இங்கேதான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறோம். தேன் தரும் தேனீ அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆயிரக்கணக்கில் வந்து அதே பூவில் மகரந்தத்தை அள்ளிவிடும். தனியாளாக வரும் குட்டித் தேனீக்கு என்ன மிஞ்சும்? யூட்டா மாநிலத்தின் தெற்கில் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்கள் பரவியதையும், அங்கே இந்தத் தேனீ காணாமல் போனதையும் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியது. தொடர்பு என்றால் நிரூபணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த யூட்டா பகுதியில் மட்டுமே வளர்கிறது குட்டைக் கரடிப் பாப்பி. தன் மகரந்தத்தாலேயே அதால் விதை பிடிக்க முடியாது. வேறு செடியின் மகரந்தத்தை யாராவது கொண்டுவர வேண்டும். 1979-லேயே அந்தச் செடி அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கு மகரந்தம் சுமந்த தேனீயையும் சேர்க்கச் சொல்லி மனு போனதோ 2018-இல்தான். பரிசீலிக்கப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று மத்திய வனவிலங்குத் துறை 2019-இல் முதல்கட்டமாகச் சொன்னது. அதற்குள் யூட்டாவில் தேனீ போய்விட்டிருந்தது.