கணக்கேடு சொல்லும் வரலாறு

கடையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது? யார், எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கினார்? இவ்விரண்டையும் எப்படி எழுதி வைப்பது என்பது மிகப் பழைய கேள்வி. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுமேரியர்கள், ஊருக் நகரில், வாற்கோதுமையையும் ஆடுகளையும் ஈரக் களிமண் பலகையில் கீறிக் கணக்கு வைத்தனர். அங்கே கிடைத்த மிகப் பழைய எழுத்துப் பலகைகளில் பெரும்பாலானவை இத்தகைய கணக்குகளே.

1494ஆம் ஆண்டில் லூக்கா பச்சோலி என்னும் இத்தாலியத் துறவி, வெனிஸ் வணிகர்களின் கணக்கு முறையைத் தம் கணித நூலில் விளக்கினார். முதலில் கையிருப்பு முழுவதையும் பட்டியலிட வேண்டும். பிறகு மூன்று ஏடுகள் வேண்டும். நடந்ததை உடனுக்குடன் எழுதக் குறிப்பேடு. அதைத் தேதி வரிசையில் ஒழுங்குபடுத்த நாளேடு. ஒவ்வொருவரின் பற்றையும் வரவையும் எதிரெதிரே காட்டப் பேரேடு. பேரேட்டில் ஐயம் எழுந்தால் நாளேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

1970ஆம் ஆண்டில், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், கணினியில் விவரங்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை வகுத்துரைத்தார். அம்முறைப்படி ஒரு கடைக்குச் சரக்குகள் ஓர் அட்டவணை. வாங்குவோர் ஓர் அட்டவணை. கொடுக்கல் வாங்கல் மற்றோர் அட்டவணை. சரக்கின் எண்ணும் ஆளின் எண்ணும் அவற்றை இணைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிசி கிலோ 2 வெள்ளிக்கு விற்றபோது ஒருவர் 10 கிலோவைக் கடனாக வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு விலை 2 வெள்ளி 50 காசாக ஏறுகிறது. விற்ற நாளின் விலையைப் பதியாமல், சரக்குப் பட்டியலில் உள்ள இன்றைய விலையைக் கொண்டு கணக்கிட்டால், 20 வெள்ளிக் கடன் 25 வெள்ளியாகிவிடும்! ஆகவே, அன்றைய விலை அன்றைய வரியிலேயே நிற்க வேண்டும். பிழை நேர்ந்தால் பழைய வரியை அழிக்கக் கூடாது. திருத்தத்தைப் புது வரியாகச் சேர்க்க வேண்டும். வந்த சரக்கிலிருந்து போன சரக்கைக் கழித்தால் இருப்பு தானே தெரிந்துவிடும்.

கடன் புத்தகத்தில் பாக்கித் தொகை மட்டும் இருந்தால், கடைக்காரர் சொன்னதே கணக்கு. நாளும் பொருளும் விலையும் வரிவரியாக இருந்தால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் கூட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். களிமண் பலகையானாலும் கணினியானாலும் ஏழைக்குத் துணை நிற்பது அந்த வரிகளே. அவற்றைக் கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வைத்திருங்கள்.