ஓட்டாஞ்சில்லில் ஒரு நாடு

எகிப்து என்றதும் பிரமிடு முன்னால் வந்து நின்று மற்றதையெல்லாம் மறைத்துவிடுகிறது. கிசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, அன்று அதன் உயரம் 146 மீட்டர் என்பதை எந்தப் பயண நூலும் சொல்லிவிடும். அந்த மக்களை அறிய எனக்கு வாய்த்த வாசல் வேறு.

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நைல்தான் அவர்களுக்குத் திசையும் காட்டியது. தெற்கே இருப்பது ‘மேல் எகிப்து’. நமக்கும் அப்படித்தானே? மலை உயர்ந்த பக்கம் மேற்கு, நிலம் தாழ்ந்த பக்கம் கிழக்கு.

அந்த மேல் எகிப்தில், லக்சருக்கு எதிர்க்கரையில் தேர் எல் மதீனா என்றொரு சிற்றூரின் இடிபாடு உண்டு. அரசர்களின் கல்லறைகளைப் பாறையில் குடைந்தவர்களின் குடியிருப்பு அது. அன்றாடக் கணக்குவழக்குகளைப் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் ஓட்டாஞ்சில்லுகளிலுமே எழுதினார்கள். ஒரு சில்லு, இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வராத நாள் கருப்பு மையில், காரணம் அதன் தலைக்கு மேல் சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவனுக்குக் கண்நோவு. இன்னொருவன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான். அதுவும் ஏற்கத்தக்க காரணமே!

இவர்களுக்குக் கூலி தானியம். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அது வந்து சேரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு, பசிக்கிறது என்று கோயில் வளாகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நாம் அறிந்த மிகப் பழையது இது. அதைச் சொல்லும் பாப்பிரஸ் இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது. பாக்கி தானியம் ஓரளவு கிடைத்தது. பிறகும் தவணை தவறியது, மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் துறைமுகத்தில் நம்மவர் ஒருவரும் சில்லில் எழுத்தை விட்டுப் போயிருக்கிறார். தமிழ்பிராமியில் அதிலுள்ளது ‘பானை ஒறி’. பானை தொங்கவிடும் உறியைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்.