கம்பனியும் மொஹரும்: இந்திய–நேபாள நாணய மாற்று வீதமும் அதன் சொற்களும்

நாணய மாற்று வீதம் பொருளியலார் ஆராயும் பொருள். ஆயின், இரு நாணயங்கள் ஒரே சந்தையில் நெடுங்காலம் புழங்கும்போது அவற்றை வேறுபடுத்தி வழங்க மக்களுக்குப் பெயர்கள் தேவைப்படுகின்றன. அப்பெயர்கள் மொழி வரலாற்றுக்கு உரியன. இந்திய ரூபாய்க்கும் நேபாள ரூபாய்க்கும் இடையிலான உறவு இதற்குத் தக்க சான்றாகும்.

நேபாள மலைநாட்டில் இந்திய ரூபாய் 'கம்பனி' என்றும், உள்நாட்டு நாணயம் 'மொஹரு' என்றும் வழங்கின. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிந்தது. அதன்பின் அரசியின் பெயராலும் அரசர்களின் பெயராலும், இறுதியில் குடியரசின் பெயராலும் நாணயங்கள் வெளிவந்தன. இருந்தும் மலைநாட்டார் பேச்சில் கம்பெனி மறையவில்லை. தமிழ் நாட்டுப்புற வழக்கில் அதே சொல் 'கும்பினி' என்றாகி அரசையே குறித்ததை இதனோடு ஒப்பிடலாம். தமிழில் ஆள்வோரைச் சுட்டிய சொல் நேபாளியில் காசைச் சுட்டியது. ஆட்சிக்கு உட்பட்டவர் கும்பினியைக் கண்டனர்; ஆட்சிக்கு வெளியே நின்று ஊதியம் பெற்றவர் அதன் வெள்ளியைக் கண்டனர் எனலாம். 1814–16 போரை ஒட்டிக் கூர்க்கர்கள் கம்பெனிப் படையில் சேரத் தொடங்கியமையும், அவர்தம் ஊதியமும் ஓய்வூதியமும் மலையூர்களுக்குச் சென்றமையும் இங்குக் கருதத்தக்கன. வெளிநாட்டுப் படையில் பணிபுரிபவரைக் குறிக்கும் 'லாஹுரே' என்ற சொல்லும் லாகூர் என்னும் ஊர்ப்பெயரின் வழிவந்ததே.

'மொஹர்' பாரசீக 'முஹ்ர்' (முத்திரை) என்பதன் வழிவந்த சொல். இந்தியாவில் அது பொற்காசு. நேபாளத்திலோ அரை ரூபாய் பெறுமான வெள்ளிக்காசு. 1932இல் இரண்டு மொஹர் ஒரு ரூபாய் என வகுக்கப்பட்டது. நூறு பைசாக் கணக்கு வந்த பின்னும் ஐம்பது பைசாவை மொஹர் என்றும் இருபத்தைந்து பைசாவைச் 'சுகா' என்றும் வழங்கினர். அணா ஒழிந்த பின்பும் தமிழர் 'நாலணா', 'எட்டணா' என்று சொல்லிவந்தது போன்றதே இது.

காசின் மதிப்பைப் பற்றிய பூசல் நேபாளத்திற்குப் புதியதன்று. மல்ல அரசர் காலத்தில் திபெத்திலிருந்து வெள்ளி வரும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அது காசாக அடிக்கப்பட்டுத் திபெத்துக்குத் திரும்பும். பிற்கால மல்லர் அக்காசில் கலப்பைக் கூட்டினர். 1768–69இல் பள்ளத்தாக்கைக் கைப்பற்றிய பிருத்வி நாராயண் ஷா தூய வெள்ளிக் காசை வெளியிட்டபோது, கலப்புக் காசு எந்த வீதத்தில் மாறவேண்டும் என்ற வினா எழுந்தது. கலப்புக் காசின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்றது நேபாளத் தரப்பு. தம்மிடம் குவிந்து கிடந்த பழங்காசு மதிப்பிழப்பதைத் திபெத்தியர் ஏற்கவில்லை. 1788இலும் 1791இலும் கூர்க்கர் திபெத்தின்மேல் படையெடுத்ததற்கு இப்பூசலும் ஒரு காரணம். 1792இல் சீனப் படை நேபாளத்துக்குள் புகுந்தது. மாற்று வீதம் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நேபாளத்தில் இரு நாணயங்களும் புழங்கின. இந்தியச் சந்தைகளை ஒட்டிய தராய்ச் சமவெளியில் 'கம்பனி'யே பெருவழக்கு. வீதத்தை வணிகரே முடிவு செய்தனர். அது இடந்தோறும் காலந்தோறும் மாறியது. 1945இல் நேபாளம் தாள் நாணயம் வெளியிட்டது. 1956இல் நிறுவப்பட்ட நேபாள ராஷ்டிர வங்கியின் முதற்பணிகளுள் ஒன்று, சொந்த நாணயத்தை நாடெங்கும் புழங்கச் செய்வதாகும். 1960இல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என வீதம் நிலைப்படுத்தப்பட்டது.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. நேபாளம் உடன் குறைக்கவில்லை. அதனால் 160 என்ற வீதம் ஒரே நாளில் ஏறத்தாழ 101½ ஆகச் சரிந்தது. இரு ரூபாயும் ஏறக்குறைய நிகராயின. புதிய நாணயத்தைக் காக்க முற்பட்ட அரசுக்கு இது பெருமையாகத் தோன்றியிருக்கலாம். ஊரில் இருந்தவர் நிலை வேறு. இந்தியப் படையில் பணியாற்றி 100 ரூபாய் ஓய்வூதியம் பெற்றவர் முந்தைய நாள் 160 மொஹரு மாற்றியிருப்பார்; மறுநாள் அவர்க்குக் கிடைத்தது 101½. 'கம்பனி'யைச் சேமிப்பாக வைத்திருந்தோர் அனைவர்க்கும் இதே இழப்பு. நேபாள விளைபொருள் இந்தியச் சந்தையில் விலை ஏறிற்று. இந்தியச் சரக்கு நேபாளத்தில் மலிந்தது. திறந்த எல்லை உடைய நாடு இந்நிலையை நெடுநாள் தாங்குவது அரிது. 1967 டிசம்பரில் நேபாளமும் மதிப்பைக் குறைக்க, வீதம் 135 ஆயிற்று.

அதன்பின் 1971இல் 139, 1978இல் 145, 1985இல் 170, அடுத்த ஆண்டில் 168, 1991இல் 165 என வீதம் மாறி, 1993 பிப்ரவரியில் மீண்டும் 160இல் வந்து நின்றது. அன்று முதல் அது மாறவில்லை. இவ்வெண்ணின் நிலைபேற்றுக்கு அரசியலும் வணிகமும் காரணங்கள். எனினும் மற்றொன்றையும் சொல்லலாம்: 160 என்பது ஐந்துக்கு எட்டு. விரல் விட்டு எண்ணும் சிறு வணிகர்க்கு இது எளிது. 139ஐ அவ்வாறு எண்ண இயலாது.

இக்காலப் பகுதியில் பெயர்களும் மாறின. எல்லைச் சந்தைகளில் 'ஐ.சி.', 'என்.சி.' என்ற ஆங்கிலச் சுருக்கங்கள் வழக்குக்கு வந்தன. நேபாளி இதழ்கள் 'பாரதீய ருபையா' என்பதைப் 'பாரு' எனவும், 'நேபாளி ருபையா' என்பதை 'நேரு' எனவும் சுருக்கின. (இந்தியத் தலைவர் ஒருவரின் பெயரை இது நினைவூட்டுவது தற்செயலே.) பழைய இணையில் ஒன்று ஆண்டவரைக் குறித்தது, மற்றொன்று முத்திரையைக் குறித்தது; இரண்டும் வெவ்வேறு இனப் பொருள்கள். புதிய இணையிலோ இரண்டும் ரூபாயே, நாட்டின் பெயர் மட்டுமே வேறு. நாணயம் நாட்டுக்கு உரியது என்ற எண்ணம் மக்கள் வழக்கில் ஏறிய காலத்தை இம்மாற்றம் காட்டுகிறது.

வீதம் நிலைத்திருப்பினும் தாள் நிலைப்பதில்லை. 2016 நவம்பர் 8 அன்று இந்தியா 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கியபோது நேபாள வங்கிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் அத்தாள்கள் இருந்தன. மாற்றித் தருவது பற்றி இரு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் பேசின. 2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களின் புழக்கத்துக்குத் தடை விதித்தது.