பிழைக்கப் போனவர்கள்

அயல்நாட்டில் வேலை பார்க்கிறவனைப் பற்றி, "பிழைக்கப் போயிருக்கிறான்" என்றுதான் தமிழில் சொல்கிறோம். "வாழப் போயிருக்கிறான்" என்று சொல்வதில்லை. இந்த வித்தியாசத்தின் முழு அர்த்தமும், பர்மாவுக்குப் போன நகரத்தார்களின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு வெளிநாடுகளில் கிராக்கி ஏற்பட்டதும், ஐராவதியின் கழிமுகத்தில் காடும் சதுப்பும் வயலாக மாறத் தொடங்கின. காட்டை வெட்டிக் கழனியாக்கக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரர்களின் பாங்குகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் நம்மவர்கள் போய் உட்கார்ந்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன.

கடை என்றால் அதில் சரக்கு இராது. ஒரு கூடம், பாய், கணக்குப் புத்தகம், மரப்பெட்டி, அவ்வளவுதான். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். இப்படிக் கப்பலேறுவதற்குக் 'கொண்டுவிற்கப் போவது' என்று பெயர். ஒரு தவணை மூன்று வருஷம். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரோடு இருந்துவிடுவார்கள். பகலில் கணக்கு எழுதிய கூடத்திலேதான் இரவில் படுக்கை. போன இடத்தில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். தங்களுக்கு வீட்டை மட்டும் செட்டிநாட்டில் எழுப்பிக்கொண்டார்கள். பர்மாத் தேக்கிலே தூண் நிறுத்திய அந்த மாளிகைகளை இன்றும் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பார்க்கலாம்.

கதை எழுதுகிறவனாகையால், நான் அந்தத் தூண்களைவிட மேலாளைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். தவணை முடிந்து அவர் வாசற்படி ஏறும்போது, தொட்டிலில் விட்டுப்போன குழந்தை "யார் இவர்?" என்று தாயின் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குப் பழகுவதற்குள் அடுத்த தவணை வந்துவிடும். இந்தத் தியாகம் சின்னதல்ல. ஆனால் பர்மியன் கண்ணுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

1930-ல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறிற்று. முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்காயிற்று. செட்டியாருக்கு வேண்டியிருந்தது பணம். நிலம் அவர் கணக்கில் முடங்கிப்போன முதல். குடியானவனுக்கோ அது பாட்டன் வெட்டித் திருத்திய காடு. இப்போது அதன் சொந்தக்காரர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்! இருவர் பக்கமும் வழக்கு உண்டு. இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளத்தான் பொதுவான வாழ்க்கை இல்லை.

1938-ல் இந்தியர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு போட்டார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். காட்டிலும் மலையிலும் நடந்து வந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே மாண்டார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பாங்குகளும் கடைகளும் போயின. மூன்று தலைமுறைக் கணக்கு அத்துடன் மூடப்பட்டது.

ஆனால் எல்லாத் தமிழரும் திரும்பிவிடவில்லை. கையில் முதலில்லாமல், நாற்று நடவும் மூட்டை தூக்கவும் போன ஏழைகள் பலர் அங்கேயே தங்கினார்கள். மியன்மார் என்று பெயர் மாறிவிட்ட அந்த நாட்டில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள். பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு, பர்மிய மொழி பேசி, மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள். அவர்களும் பிழைக்கப் போனவர்கள்தாம். திரும்பி வரக் கப்பல் சத்தம் இல்லாததனாலோ என்னவோ, அங்கே வாழவும் செய்தார்கள்.