ஹோட்டலுக்கு ஸ்டார்... ஊருக்குப் பூ!

ஹோட்டலுக்கு ஸ்டார் கொடுக்கிறது உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் பூ கொடுப்பாங்கன்னு தெரியுமா? பிரான்ஸில் 1959-லிருந்து இது நடக்கிறது. அழகாகப் பூச்செடி வளர்த்துப் பராமரிக்கும் ஊர்களுக்கு, ஒன்று முதல் நான்கு வரை சிவப்புப் பூக்கள். ஊர் எல்லையிலேயே போர்டு வைத்துக் காட்டிக்கொள்ளலாம். இப்போது 4,000-க்கும் மேற்பட்ட ஊர்களில் இந்தப் போர்டு இருக்கிறது. அதில் குட்டிக் குட்டி கிராமங்களும் உண்டு.

முதல் மூன்று பூக்களை அந்தந்தப் பகுதி நடுவர் குழு கொடுக்கும். நாலாவது பூவுக்கு தேசியக் குழு நேரில் வந்து பார்க்கணும். ஒருமுறை வாங்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. திரும்பவும் வருவாங்க, பராமரிப்பு மோசம்னா பூ பறிபோகும். செடி நடுற அன்னிக்கு செல்ஃபி எடுக்க எல்லாரும் வருவோம், அடுத்த மாசம் தண்ணி ஊத்தத்தானே ஆள் இருக்காது? அதனாலதான் இந்த மறு ஆய்வு எனக்குப் பிடிச்சிருக்கு.

இதில் ஒரு சிக்கல், தண்ணீர். கோடையில் வறட்சி கடுமையானால் செடிகளுக்குத் தண்ணீர் விடவே அங்கே அரசு தடை போடும். தொங்கும் தொட்டிச் செடிகள் தினமும் தண்ணீர் கேட்கும். அதனால் பல ஊர்கள் லாவெண்டர் மாதிரி வறட்சி தாங்கும் செடிகளுக்கு மாறிவருகின்றன. தண்ணீரை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள், ஊர்மக்கள் எவ்வளவு பேர் கைகொடுக்கிறார்கள் என்பதையும் நடுவர்கள் பார்க்கிறார்கள்.

பாரிஸ் மாநகராட்சி 2015-ல் இன்னொரு வழி கண்டுபிடித்தது. தெரு மரத்தடியில் மக்களே செடி வைக்க பர்மிட் கொடுத்தது! பூச்சிமருந்து அடிக்கக் கூடாதுன்னு விதி இருந்தது. தண்ணியும் அவங்கதான் ஊத்த வேண்டியிருந்தது.